கிரேஸ் என்ற பெயரில் மூன்று பிள்ளைகள்

பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். வருகிற மாதம் ஐந்து இளம்பெண்கள் பினாங்குக்குக் கப்பலேறி, அங்குள்ள அனாதைப் பிள்ளைகளின் விடுதிகளைப் பார்த்துவரப் போகிறார்கள். முன்பு இதே ஊழியமாக இலங்கைக்குப் போய்வந்த நான் அவர்களுக்காக என் அனுபவத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உற்சாகம் தரும்படி இருக்கட்டும் என்று செயலாளர் ஒரு துண்டுச் சீட்டும் அனுப்பியிருந்தார்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் மகள் எஸ்தர்.

உற்சாகம் தர என்னிடம் ஒன்றுமில்லை. அந்த இலங்கைப் பயணத்தைப் பற்றிப் பல கூட்டங்களில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் சொன்னவற்றில் பொய் கிடையாது. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. எஸ்தரிடம் போன வாரம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் எழுதுகிறேன். சங்கம் இதை அச்சிடட்டும், அல்லது கிழித்துப் போடட்டும்.

மிஷன் விடுதியில் படித்து, அங்கேயே தையலும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, இருபது வயதில் ஊழியத்தில் சேர்ந்தேன். முதலில் பள்ளிக்கூடம். பிறகு கொட்டாரத்தைச் சுற்றியுள்ள சபைகளின் பெண்கள் சங்கங்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கும் வேலை. நெஞ்சுப் படபடப்பு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்ததால் ஐம்பதாவது வயதில் ஓய்வு. என் ஊழியம் இவ்வளவுதான். படபடப்பு எப்போது தொடங்கியது என்று வைத்தியர் கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போய் அங்கேயே செத்துப்போனவர்களின் பிள்ளைகளுக்காக மலைநாட்டில் ஒரு விடுதி நடப்பதாக எங்களுக்குச் செய்தி வந்தது. சங்கத்துக்கு ஒரு பிள்ளை என்று ஏற்றுக்கொண்டோம். உலை வைக்கும்போது வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைப்பாள். மாதக் கடைசியில் அதைச் சேர்த்து விற்று அனுப்புவோம்.

ஏற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு. இது நாங்களாகக் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. சீமைச் சபைகள் நம் விடுதிப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டபோது தங்கள் ஊர்ப் பெயர்களை அனுப்பினார்கள். நான் விடுதியில் இருந்த நாளில் என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளுக்கு அவளுடைய பெயரையே சரியாக உச்சரிக்க வராது. இப்போது நாங்கள் கொடுக்கிறவர்கள் ஆகியிருந்தோம். பெயர் அனுப்புகிறவர்களும் ஆகியிருந்தோம். அதில் எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

கொட்டாரத்துச் சங்கத்தின் பிள்ளைக்குக் கிரேஸ் என்று பெயர் வைத்தோம். நான் கேட்டுக்கொண்டதால் வைத்த பெயர். எஸ்தருக்கு மூத்தவள் ஒருத்தி எனக்கு இருந்தாள். ஐந்து வயதில் காய்ச்சலில் போனாள். அவள் பெயர் அது.

பெயரைத் தவிர எங்களுக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு நூலும் உண்டு. இதை இளம்பெண்கள் அறிந்திருக்கமாட்டார்கள், இப்போது துணிக்குப் பதில் பணமாகவே அனுப்பிவிடுகிறோம். அந்த நாளில் ஒவ்வொரு ஆண்டும் ஆடி மாதத்தில் விடுதியிலிருந்து ஒரு பொட்டலம் வரும். அதில் பிள்ளைக்கு ஒரு நூல். பிடரியிலிருந்து கணுக்கால் வரை அளந்து வெட்டியது. இடுப்பு வரும் இடத்தில் ஒரு முடிச்சு. நுனியில் அட்டைத் துண்டில் பெயர். அந்த நூலை வைத்துப் பாவாடையும் சட்டையும் தைத்து, மலைக்குளிருக்கு முன்னால் போய்ச்சேரும்படி அனுப்புவோம். நூல் வருகிற நாள் சங்கத்தில் திருநாள் மாதிரி. என் மகள் இருந்தால் இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று நான் அதைச் சுவரில் வைத்துப் பார்ப்பேன். யாரும் பார்க்காதபோதுதான்.

ஐந்தாவது ஆண்டு வந்த நூல், நாலாவது ஆண்டு நூலைவிட ஒரு சாண் குறைவாக இருந்தது.

சங்கத்தில் தங்கம்மை என்று ஒருத்தி, வாய் ஓயாதவள். இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இதென்ன கூத்து? மலைக்குளிருல பிள்ள சுருங்கிப் போச்சா?” என்றாள்.

“தேயிலத் தண்ணிய ஊத்தி ஊத்திக் குடுத்தா வளத்தி நிக்கும்னு எங்க அத்த சொல்லும்” என்றாள் இன்னொருத்தி.

“நிக்கும்னுதான சொல்லுச்சு? பொறவோட்டு வளரும்னு சொல்லல்லியே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “நூல் நனைஞ்சிருக்கும். இல்லேன்னா வேற பிள்ளைக்குள்ளத மாத்திக் கெட்டியிருப்பாங்க” என்று நான்தான் சமாதானம் சொன்னேன். வந்த நூலைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய நூலோடு மூன்று விரற்கடை கூட்டிப் பாவாடை வெட்டினேன். மேற்பார்வை செய்கிறவள் நான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் தைத்தார்கள்.

அந்த முறை துணிகளை அஞ்சலில் அனுப்பவில்லை. துரைசானி அம்மாள் இலங்கைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவரத் தீர்மானித்து, துணைக்கு என்னை அழைத்தார். சீமையிலிருந்து வந்த அவர்தான் எங்கள் வட்டாரத்துப் பெண்கள் ஊழியம் முழுவதற்கும் தலைமை. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் தமிழை வேதபுத்தகத்திலிருந்து கற்றவர். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலி போய் இறங்கியதும் பெட்டி தூக்க வந்தவனிடம், “நண்பனே, நீர் கேட்பது அநியாயம். உமது மனச்சாட்சியைக் கேளும்” என்றார். அவன் பயந்துபோய் அவர் சொன்னதை வாங்கிக்கொண்டு போனான். பிள்ளைகள் உட்காராமல் அவர் உட்காரமாட்டார். ஒரு காரியத்தை இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை கேட்கவேமாட்டார். எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருப்பார். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருப்பார். தலைப்பில் தமிழிலேயே எழுதியிருக்கும்: கண்டது, கேட்டது, நினைத்தது. நாங்கள் எந்தச் செய்தி சொன்னாலும், “இது எந்தப் பத்தியில் போகும்?” என்று எங்களையே கேட்பார். ஊழியர்களில் பலர் அந்தக் கேள்விக்குப் பயந்தே அவரிடம் குறை சொல்வதை விட்டார்கள். நான் அவரைப் போலவே ஆக வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

தனுஷ்கோடியில் கப்பலேறும் முன் மூன்று விதிகளைச் சொன்னார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கக் கூடாது. நாம் போனபிறகு அது அழும். நம் கையால் எதுவும் தனியாகக் கொடுக்கக் கூடாது. தாய் தகப்பனையும் வீட்டையும் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது. மூன்றும் நல்ல விதிகள். இன்றைக்கும் அவற்றைக் குறை சொல்லமாட்டேன்.

விடுதி, ரயிலடியிலிருந்து ஐந்து மைல் ஏற்றத்தில் இருந்தது. தகரக்கூரை போட்ட நீளமான இரண்டு கட்டிடங்கள், சுற்றிலும் தேயிலை. அறுபதுக்கு மேல் பிள்ளைகள். பார்த்துக்கொள்ள மூன்று பெண்கள். மேட்ரன் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். முழங்கால் வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார்.

பார்வையிடும் முறை இது: பிள்ளைகள் வளர்த்திப்படி வரிசையாக நிற்பார்கள். ஒரு பாட்டுப் பாடுவார்கள். பிறகு மேட்ரன் பெயர் சொல்லிக் கூப்பிட, அந்தப் பிள்ளை இரண்டடி முன்னால் வந்து கைகூப்பி, தன் பெயரையும் ஒரு வேதவசனத்தையும் சொல்லும். துரைசானி அம்மாள் கண், பல், நகம் மூன்றையும் பார்ப்பார். நான் அந்தப் பிள்ளைக்குள்ள துணிப்பொட்டலத்தை மேட்ரன் கையில் கொடுக்க, அவர் பிள்ளையிடம் கொடுப்பார். எல்லோரும் உள்ளே போய் உடுத்திக்கொண்டு மறுபடி வந்து நிற்பார்கள்.

“கிரேஸ்” என்று கூப்பிட்டபோது நான் வரிசையின் உயரமான பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து வருஷமாக ஏற்றுக்கொண்ட பிள்ளை, பதினொரு வயதாவது இருக்க வேண்டும். வந்தது மறுபக்கத்திலிருந்து. ஏழு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. கறுத்து மெலிந்த பிள்ளை. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. வசனத்தை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடியது. திரும்பி வரும்போது நான் தைத்த பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தது. அப்படியும் தடுக்கி விழப்பார்த்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மத்தியானம் மேட்ரனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“இது மூண்டாவது கிரேஸ் அக்கா. முதல் பிள்ளை சோகை கண்டு ரண்டாம் வருஷமே செத்துப் போட்டுது. அடுத்ததை மாமன்காரன் வந்து கூட்டிக்கொண்டு போட்டான். பேர் சும்மா கிடக்கப்படாது எண்டு இதுக்கு வைச்சம்.”

“எங்களுக்கு எழுதியிருக்கலாமே?”

“எழுதினா உங்கட ஊர்ப் பெண்டுகள் மனம் விட்டுப்போடுவினம். பிறகு ஆர் அனுப்புவினம்? செத்த பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டாம், இருக்கிறதுக்கு வேணுமே.” முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். “கோவிக்காதேங்கோ. எல்லாச் சங்கத்துப் பேரும் அப்பிடித்தான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. செத்துப்போனது என்று அவர் சொன்ன சொல்லில் நின்றுவிட்டேன். என் கிரேஸ் இரண்டாவது முறையும் செத்திருந்தாள். நான் நாலு வருஷமாக நூலைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் அடுத்த ஆண்டுக்கு அளவெடுக்கும் வேலை. நான் மண்டியிட்டு உட்கார, பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து முதுகைக் காட்டி நிற்கும். கிரேஸின் முறை வந்தது. பிடரியில் நூலை வைத்து, “அசையாம நில்லு மக்கா” என்றேன். வாய் தவறி வந்த ஊர்ப்பேச்சு. அதுவரை எல்லோரிடமும் புத்தகத் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை சட்டென்று திரும்பியது. நூல் கையிலிருந்து நழுவியது.

“நீங்க எங்க ஊராக்கும்?”

“எந்த ஊரு உனக்கு?”

“தோவாள.”

கொட்டாரத்திலிருந்து தோவாளை ஒரு காலைப்பொழுதில் போய்வரும் தூரம். விதியை மறந்து கேட்டேன். “வீட்டுல உன்ன என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?”

மேட்ரன் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதுக்குள் சொன்னது: “இசக்கி. சொல்லிராதீங்க. பழைய பேரச் சொன்னா ஏசுவாங்க.” பிறகு தானாகவே, ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ கேட்பதற்காகவே சேர்த்துவைத்திருந்ததுபோலச் சொல்லிற்று. அம்மை தோட்டத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அப்பா பெயர் ஆறுமுகம். தோவாளையில் பூக்கட்டிக்கொண்டிருந்து தோட்டத்துக்கு வந்தவர். தோட்டத்தில் ஆளைக் குறைத்தபோது அவரையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அப்போது இது காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தது. “வந்து கூட்டிட்டுப் போறேன், எங்கயும் போயிராதேன்னாரு. நான் எங்கயும் போகல்ல.”

அளவெடுத்து முடிக்கும்வரை என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

மேட்ரனிடம் பெயரைச் சொல்லாமல், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் உண்டோ என்று மட்டும் கேட்டேன். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த சீட்டில் தாய் இறந்தாள், தகப்பன் இல்லை என்றுதான் இருக்கிறது என்றார். “அக்கா, இங்க இருக்கிற பிள்ளையள் எல்லாம் அப்பா வருவார் எண்டுதான் சொல்லுதுகள். எல்லாத்தையும் நம்பினா நாங்கள் பைத்தியமாப் போடுவம்.”

துரைசானி அம்மாளிடம் முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். புத்தகத்தைத் திறந்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எந்தப் பத்தி என்று நானே சொல்ல வேண்டும்.

“கேட்டது” என்றேன்.

எழுதினார். “அம்மா, ஒரு பிள்ளை சொன்னதை வைத்து இன்னொருவருடைய விடுதிக்கு நான் கடிதம் எழுதமாட்டேன். உமக்குத் தோவாளை பக்கம்தானே? அந்த மனிதனை நீர் போய்ப் பாரும். அவன் உண்டு என்று வந்து சொல்லும். அன்றைக்கே எழுதுவேன்.”

நியாயமான பேச்சு. திரும்பி வந்த கப்பலில் தோட்டங்களிலிருந்து விலக்கப்பட்ட கூலிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பிள்ளை சொன்னதில் பாதியை அங்கேயே கண்ணால் கண்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் கூட்டங்களில் சொல்லாதது.

நான் தோவாளைக்குப் போகவில்லை.

ஊருக்கு வந்ததும் அடைமழை. அதற்குப் பின் கிறிஸ்துமஸ். பிறகு எஸ்தருக்குப் பரீட்சை. துரைசானி அம்மாள் ஒருமுறை கேட்டார், “தோவாளைக்குப் போனீரா?” மழை என்றேன். மாதம் கழித்து இன்னொருமுறை கேட்டார். பரீட்சை என்றேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. சங்கத்தில், நம் கிரேஸ் சுகமாக இருக்கிறாள், நன்றாகப் பாடுகிறாள், பாவாடைதான் கொஞ்சம் நீளம் என்றேன். “வளந்துருவா!” என்றாள் தங்கம்மை. கைதட்டினார்கள்.

காரணம் மழையும் அல்ல, பரீட்சையும் அல்ல. என் விரலை அந்தக் கை பிடித்திருந்தது இன்னும் விடவில்லை. அங்கே அதற்குச் சோறு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, என் மகளின் பெயர் இருக்கிறது. பூக்கட்டுகிற ஒரு மனிதனிடம் போனால் அது இசக்கி ஆகிவிடும். இசக்கி ஆகிவிட்டால் எனக்கு அது யார்? இப்படி நான் வார்த்தையாக நினைக்கவில்லை. வார்த்தையாக நினைத்திருந்தால் வெட்கப்பட்டாவது போயிருப்பேன். நினைக்காமலே நாட்களைத் தள்ளினேன். ‘நினைத்தது’ என்ற மூன்றாவது பத்தியில் எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஒரு திங்கட்கிழமை போனேன். ஏன் அன்று போனேன் என்று கேட்டால், எஸ்தர் ஒருநாள் பள்ளியிலிருந்து நேரத்துக்கு வரவில்லை. தோழி வீட்டில் இருந்திருக்கிறாள். ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரம் வீதியில் நின்ற பிறகு என்னால் போகாமல் இருக்க முடியவில்லை.

தோவாளையில் ஆறுமுகத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பூச்சந்தையில் முதல் ஆளே கை காட்டினான். பிச்சிப்பூக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் வெள்ளைப் புடவையும் பையுமாக நிற்பதைப் பார்த்து, “கோயில் அம்மாவா? கல்யாணத்துக்கு மாலையா?” என்றார்.

“இலங்கையில உங்களுக்கு ஒரு பிள்ளை உண்டுமா?”

கை நின்றது. “இருந்துது.”

“இசக்கியா?”

எழுந்துவிட்டார். மடியிலிருந்த பூ எல்லாம் கீழே கொட்டியது. “நீங்க யாரு? அவ பேரு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சொன்னேன். நான் கொட்டாரத்திலிருந்து வருகிறேன், பிள்ளை உயிரோடு இருக்கிறாள், இன்ன விடுதியில், இன்ன பெயரில். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், விடுதியின் ஊரைச் சொன்னதும் என்னை நிறுத்தினார்.

“அங்க நான் போனேன்.”

“எப்போ?”

“மாசி மாசம். செத்துப்போன எம் பெண்டாட்டிக்க கம்மல வித்துட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில கேட்டு, அங்ஙனதான் இருக்கும்னு சொன்னாங்க. வாசல்ல ஒரு பொம்பள புஸ்தகத்தப் பெரட்டிப் பாத்துட்டு, இசக்கின்னு இங்க பிள்ளையே கெடையாதுன்னா. பிள்ளையளக் காட்டும்மா, நான் பாத்துக்கிடுகேன்னேன். கடுதாசி இல்லாம வெளியாளு பாக்கப்படாதாம். அந்தியாவுற மட்டும் ரோட்டுல நின்னேன். செத்துப்போச்சுன்னு நெனச்சிட்டு வந்துட்டேன்.” மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார். “நீங்க அவள எப்பம் பாத்திய?”

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. “ஐப்பசியில” என்றேன்.

விரலை மடக்கி மாதம் எண்ணினார். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. நாலு விரல்.

“அப்பம் நான் போறதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அவளுக்கு வேற பேரு உண்டும்னும் தெரியும்.”

“தெரியும்.”

“இங்க இருக்க கொட்டாரம்!” என்றார். அவ்வளவுதான். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கீழே உட்கார்ந்து, சிந்திய பூவைப் பொறுக்கத் தொடங்கினார்.

அன்றைக்கே துரைசானி அம்மாளிடம் போனேன். அவர் புத்தகத்தில் அந்தப் பழைய பக்கத்தைத் தேடியெடுத்து, பென்சிலை என்னிடம் நீட்டினார். “கண்டது” என்ற பத்தியில் என் கையால் எழுதி, தேதியும் போடச் சொன்னார். பக்கத்துப் பத்தியில் அவர் எழுத்தில் ஐப்பசித் தேதி இருந்தது. இரண்டு தேதிக்கும் நடுவே விரற்கடை இடம்தான். அவர் சொன்னபடியே அன்று தபாலில் கடிதம் போனது.

மேட்ரனிடமிருந்து பதில் வர மூன்று வாரம். ஆறுமுகம் வந்த அன்று மேட்ரன் விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தாராம். வாசலில் நின்றது புதிதாக வந்த உதவியாள். பதிவில் இல்லாத பெயரை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள்மேல் என்ன தவறு? ஆனால் வகுப்புச் சன்னல் வழியாகக் கிரேஸ் ரோட்டில் நின்றவரைப் பார்த்திருக்கிறது. அப்பா, அப்பா என்று கத்தியிருக்கிறது. யார் யாரோ போகும்போது எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் கத்துவது உண்டு என்பதால் உட்காரவைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் தேயிலைக்குள் ஓடிப்போயிற்று. பிடித்து வந்தார்கள். பிறகும் ஒருமுறை ஓடிற்று. அடங்காத பிள்ளையை வைத்திருந்தால் மற்றவையும் கெடும் என்று, பங்குனியில், கொழும்பில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாகக் கொடுத்துவிட்டார்கள். வளர்ப்புப் பிள்ளை என்றால் வீட்டு வேலைக்கு என்று நமக்குத் தெரியும். அந்தக் குடும்பம் பினாங்குக்கு மாறிப் போய்விட்டது. விலாசம் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். சங்கத்தார் மனம் தளர வேண்டாம், கிரேஸ் என்ற பெயரை வேறொரு நல்ல பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோம் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

ஐப்பசியில் மேட்ரனிடம் நான் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பதிவில் கிரேஸுக்குப் பக்கத்தில் இசக்கி என்று எழுதியிருப்பார். அந்த உதவியாள் அதைப் படித்திருப்பாள். பிள்ளை ஏசுவார்கள் என்று சொன்னதால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் கார்த்திகையில் தோவாளைக்கு ஏன் போகவில்லை?

பினாங்கு விலாசம் வந்தது. எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் வரவில்லை. துரைசானி அம்மாள் தன் நாட்டுக்குத் திரும்பும் வரை விடாமல் எழுதினார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஊழியத்திலும் வைத்துக்கொண்டார். சங்கத்தில் எழுந்து, அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள், நாம் கொடுக்கிற பிள்ளை தன் பெயரிலேயே இருக்கட்டும் என்று ஒருமுறை சொன்னேன். காரணம் சொல்லாததால் யாருக்கும் புரியவில்லை. “நல்ல பேருதானே டீச்சரம்மா, உங்க பிள்ளைக்க பேரு. மாத்துனா நமக்க சங்கத்துப் பிள்ள எதுன்னு எப்பிடித் தெரியும்?” என்றாள் தங்கம்மை. அதோடு முடிந்தது. நான் ஓய்வு பெறும்வரை ஆடிதோறும் நூல் வந்தது. தைத்தேன்.

ஆகவே போகிற பெண்களே, துரைசானி அம்மாளின் மூன்றாவது விதியை மீறுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரைக் கேளுங்கள். ஊரையும் தகப்பன் பெயரையும் கேளுங்கள். கேட்டதை அந்த இடத்திலேயே பதிவில் எழுதவையுங்கள், எழுதாமல் படி இறங்காதீர்கள். இதைச் சொல்லத் தகுதி இல்லாதவள் சொல்கிறேன் என்று தள்ளிவிடாதீர்கள். மற்றபடி உங்களை உற்சாகப்படுத்த எனக்குத் தெரியவில்லை. எஸ்தரைப் போகவேண்டாம் என்று கெஞ்சினேன். கப்பல், காய்ச்சல், தெரியாத ஊர் என்று காரணங்கள் சொன்னேன். “நீங்க பயப்படுகது கப்பலுக்கா அம்மா?” என்று கேட்டாள். அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பேசாமல் இருந்த இரண்டு நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தோவாளைக்குப் போய், தான் பினாங்கு போவதைச் சொல்லி வந்திருக்கிறாள்.

இன்று காலை ஆறுமுகம் வந்தார். இந்த ஏழு வருஷத்தில் தபால் வந்ததா என்று கேட்க எத்தனையோ முறை வந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்ததில்லை. இப்போதும் வாசலில்தான் நிற்கிறார். எஸ்தர் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் எதிரே நிற்கிறாள். நான் அறையில் இருந்து எழுதுகிறேன். பேச்சு முழுவதும் கேட்கிறது.

“எடது முட்டுக்குக் கீழ ஒரு தழும்பு உண்டும் மக்கா. தோட்டத்துல விழுந்தது. ஒசரம் இந்தா, என் இடுப்புக்கு வருவா. முன்பல்லு ரெண்டு இருக்காது. வேகமா ஓடுவா.”

எஸ்தர் எழுதிக்கொண்டே போனவள் நிறுத்திவிட்டாள். அவரும் நிறுத்திவிட்டார்.

“இப்பம் பதினாலு வயசுல்லா” என்றார். “நான் எந்தப் பிள்ளைக்க அடையாளத்தச் சொல்லுகேன்?”

எஸ்தர் எழுதிய வரியைப் பென்சிலால் அடிக்கிற சத்தம் கேட்கிறது. நான் எழுந்து வெளியே போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.